புல்லட்டின் கழுத்தில் ஓர் எண்

பழைய வண்டி வைத்திருக்கிறவர்களுக்குப் பென்சில் பிரிண்ட் என்றால் என்னவென்று சொல்லவே வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மோட்டார் சைக்கிளின் பிரேமில் அடித்திருக்கும் சேஸிஸ் எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்ப்பார்கள். சின்ன வயதில் நாலணாக் காசின் மேல் தாளை வைத்துத் தேய்ப்போமே, அதே வேலைதான். எண் தாளில் எழும்பி வரும். அந்தத் துண்டை வெட்டி ஆர்.டி.ஓ. ஆபீஸ் விண்ணப்பத்தில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டி, தாள், ஆர்.சி. புக் மூன்றிலும் ஒரே எண்தான் இருக்கிறதா என்று பார்ப்பார்.

புது வண்டிக்கு இது இரண்டு நிமிட வேலை. ஐம்பது அறுபது வருடம் ஓடிய வண்டிக்கு அப்படி இல்லை. நாலாவது இலக்கம் 3-ஆ 8-ஆ என்று தெரியாது. ஆர்.சி.யில் ஒரு எண், பிரேமில் வேறொரு எண் இருக்கும். சில வண்டிகளில் எண் இருந்த இடத்தில் வழவழவென்று பெயின்ட்தான் இருக்கும். இப்படி ஒரு வண்டியோடு போய் நின்றால், பார்க்கிறவர் மனதில் முதலில் ஓடுவது "திருட்டு வண்டியா?" என்ற கேள்விதான். அவரைக் குறை சொல்ல முடியாது, அதைக் கேட்பது அவருடைய வேலை. ஆனால் இந்த எண்ணின் கதையைத் தேடிப் போனபோது எனக்குத் தெரிந்தது என்னவென்றால், இதை முதலில் அடித்தவர்கள் திருட்டைப் பற்றியும் யோசிக்கவில்லை, அரசாங்கத்தைப் பற்றியும் யோசிக்கவில்லை. இது ஸ்டோர் கணக்குப்பிள்ளையின் எண்.

பிரிட்டனிலிருந்து தொடங்குகிறேன். நம்மூர்ப் பழைய மோட்டார் சைக்கிள்களின் பூர்வீகம் பெரும்பாலும் அங்கேதான். அங்கே 1903-இல் மோட்டார் கார் சட்டம் வந்தது. 1904 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு வண்டியையும் உள்ளூர் கவுன்சிலில் பதிவு செய்து, அவர்கள் கொடுக்கும் எண்ணைப் பலகையில் எழுதி மாட்ட வேண்டும். காருக்கு 20 ஷில்லிங், மோட்டார் சைக்கிளுக்கு 5 ஷில்லிங் கட்டணம். அதே சட்டம்தான் வேக வரம்பை மணிக்கு 20 மைலாக உயர்த்தியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நோக்கம் விளங்கும். வேகமாகப் போய் யாரையாவது இடித்துவிட்டுப் போகிறவனைப் பிடிக்க ஓர் அடையாளம் தேவைப்பட்டது, அதற்குப் பலகை போதும். பிரேமில் என்ன அடித்திருக்கிறது என்பதில் அன்றைக்கு யாருக்கும் அக்கறை இல்லை.

தொழிற்சாலைக்கு அக்கறை இருந்தது. ஒரு வண்டி எந்த மாதம் செய்யப்பட்டது, எந்த டீலருக்குப் போனது, எந்த மாடல் என்பதெல்லாம் பேரேட்டில் இருக்கும். அந்த வரிக்கும் வெளியே ஓடுகிற இரும்புக்கும் நடுவில் இருந்த ஒரே கயிறு இந்த எண். இரண்டு வருடம் கழித்து ஒருவர் கடிதம் எழுதி பிஸ்டன் வேண்டும் என்று கேட்டால், "என்ஜின் எண்ணைச் சொல்லுங்கள்" என்பார்கள். அவ்வளவுதான் அதன் உத்தியோகம். அதனால்தான் ஒரு கம்பெனி போட்ட எண்ணையே இன்னொரு கம்பெனியும் போட்டிருக்கும். ஒரே கம்பெனியில்கூட மாடலுக்கு ஒரு வரிசை, வருடத்துக்கு ஒரு வரிசை என்று இஷ்டத்துக்கு இருக்கும். உலகம் முழுவதற்கும் பொதுவான 17 எழுத்து-எண் முறை 1970-களின் கடைசியில்தான் வகுக்கப்பட்டது. அமெரிக்கா அதை 1981 மாடல்களிலிருந்து கட்டாயமாக்கியது. அதற்கு முன்னால் பிறந்த வண்டியின் எண்ணை நம் ஆதார் எண் மாதிரி நினைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

அந்தக் காலத்து எண்களில் வேடிக்கைகளுக்கும் குறைவில்லை. வின்சென்ட் என்ற பிரிட்டிஷ் வண்டியில் வழக்கமான குழாய் பிரேமே கிடையாது. என்ஜினையே முதுகெலும்பாக வைத்து, முன்னால் ஒரு பகுதி, பின்னால் ஒரு பகுதி என்று மாட்டியிருப்பார்கள். இரட்டை சிலிண்டர் வின்சென்ட்டின் என்ஜின் எண்ணோடு 1900-ஐக் கூட்டினால் பிரேம் எண் வரும். வராவிட்டால் எங்கேயோ எதையோ மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இன்று ஒரு வின்சென்ட்டை ஏலத்தில் எடுக்க வருகிறவர் முதலில் போடுகிற கணக்கு இதுதான். டிரையம்ப் கம்பெனி வேறு வழியில் போனது. என்ஜினுக்கும் பிரேமுக்கும் ஒரே எண்ணை அடித்தார்கள். 1969-இல் ஒருபடி மேலே போய், என்ஜினில் எண் அடிக்கிற இடம் முழுக்கக் கம்பெனிப் பெயரைச் சின்னச் சின்னதாகப் பதித்துவிட்டு, அதன்மேல் எண்ணை அடித்தார்கள். அரத்தால் ராவினால் அந்தப் பெயர்களும் சேர்ந்து போய்விடும், திருட்டு அம்பலமாகிவிடும். எண் அடிக்கிறவர்கள் திருடனை மனதில் வைத்து வேலை செய்தது அப்போதுதான் எனக்குக் கண்ணில் படுகிறது.

நடுவில் அரசாங்கம் இந்த எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டது. 1920-ஆம் வருடச் சாலைச் சட்டத்தைத் தொடர்ந்து பிரிட்டனில் ஒவ்வொரு வண்டிக்கும் லாக் புக் வந்தது. நம் ஆர்.சி. புக்கின் மூத்த அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் என்ஜின் எண்ணும் பிரேம் எண்ணும் ஏறின. நம் பக்கத்தில் 1914-இல் ஒரு மோட்டார் வாகனச் சட்டம், 1939-இல் அதைவிட விரிவான ஒன்று, பிறகு இப்போது நடப்பில் இருக்கும் 1988-ஆம் வருடச் சட்டம். கணக்குப்பிள்ளையின் எண் மெல்ல மெல்ல வண்டியின் கைரேகையாகிவிட்டது. கைரேகை என்று வைத்துவிட்டால், அது பிறந்ததிலிருந்து சாகும்வரை மாறக்கூடாது என்ற எதிர்பார்ப்பும் கூடவே வந்துவிடுகிறது.

ஆனால் மோட்டார் சைக்கிளின் உடம்பு மாறிக்கொண்டே இருக்கும். இரண்டாம் உலகப்போர் இதை நன்றாகக் காட்டியது. பி.எஸ்.ஏ. கம்பெனி எம்20 என்ற ஒரே மாடலில் மட்டும் 1,20,000-க்கும் மேற்பட்ட வண்டிகளைப் படைகளுக்குச் செய்து கொடுத்தது. நார்ட்டன், ராயல் என்ஃபீல்டு, மேட்ச்லெஸ் எல்லாம் தனி. ராணுவம் இவற்றுக்குத் தனக்கென்று ஓர் எண் கொடுத்து, முன்னால் சி என்ற எழுத்தைப் போட்டு, டேங்கின் மேல் பெயின்ட்டில் எழுதியது. ஒர்க்‌ஷாப்புக்கு வண்டி வந்தால் அந்த வண்டியின் என்ஜினைச் சரிசெய்து அதிலேயே மாட்டுவதற்கெல்லாம் நேரம் ஏது? கழற்றியதை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, தயாராக இருப்பதை மாட்டி அனுப்பிவிடுவார்கள். சண்டை முடிந்து ஏலத்தில் விற்றபோது, ஒரு வண்டியின் பிரேம், இன்னொன்றின் என்ஜின், மூன்றாவதன் ஃபோர்க் என்று சேர்ந்ததுதான் சிவிலியன் கைக்கு வந்தது. அதை வாங்கியவர் பதிவு செய்யப் போன நாளில் என்ன எண் கண்ணில் பட்டதோ அதுவே புத்தகத்தில் ஏறியது. எண் பொருந்தாத போர்க்கால வண்டியைப் பார்த்தால் சந்தேகப்படாமல், "பாவம், நன்றாக உழைத்திருக்கிறது" என்றுதான் எனக்குத் தோன்றும்.

போதாக்குறைக்கு 1940 நவம்பரில் கவென்ட்ரி நகரத்தின் மேல் விழுந்த ஜெர்மன் குண்டுகளில் டிரையம்ப் தொழிற்சாலை தரைமட்டமானது. வண்டியோடு சேர்ந்து காகிதமும் போயிற்று. அதே மாதம் பர்மிங்ஹாமில் பி.எஸ்.ஏ. தொழிற்சாலையும் குண்டுவீச்சுக்கு ஆளாகிப் பல தொழிலாளர்கள் இறந்தார்கள். ஒரு பக்கம் இரும்பு இடம் மாறுகிறது, மறுபக்கம் பேரேடு எரிகிறது. நடுவில் இருந்த கயிறு எத்தனை நாள் தாங்கும்?

இனி நம்மூருக்கு வருகிறேன். சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸ் என்ற நிறுவனம் என்ஃபீல்டு வண்டிகளை இறக்குமதி செய்து விற்றுக்கொண்டிருந்தது. 1950-களின் முதல் பாதியில் இந்திய ராணுவம் எல்லைப் பணிக்காக 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. அந்த முதல் பெரிய ஆர்டர் 800 வண்டிகள் என்று சொல்வார்கள். 1955-இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் உருவாகி, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து பாகங்கள் வந்து இங்கே கோர்க்கப்பட்டன. பிறகு கருவிகளும் அச்சுகளும் வாங்கப்பட்டு, 1960-களின் தொடக்கத்தில் முழு வண்டியுமே இங்கே தயாரானது. ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. திருவொற்றியூரில் மட்டும் அதே வண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

இதன் விளைவு ஒன்று உண்டு. பல வருட புல்லட்களின் பாகங்கள் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்டப் பொருந்தும். 1962 வண்டிக்கு 1978 வண்டியின் பிரேமைக் கொஞ்சம் தட்டிக் கொட்டி மாட்டிவிடலாம். சாமான் வேண்டுமென்றால் புதுப்பேட்டை இருக்கிறது. எழும்பூர் பக்கத்தில் இருக்கும் அந்தத் தெருக்களில் கழற்றிய வண்டிகளின் உறுப்புகள் கூரை வரை அடுக்கியிருக்கும். ராணுவமும் போலீசும் கண்டம் பண்ணி ஏலம் விட்ட வண்டிகள் வேறு. புல்லட் சாகாமல் இருப்பதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம், அதன் எண்கள் குழம்பிக் கிடப்பதற்கும் இதுவே காரணம். ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை வேண்டாம் என்று சொல்ல முடியாது.

நண்பர் ஒருவரிடம் அப்பா ஓட்டிய புல்லட் இருக்கிறது. 1960-களில் செய்த வண்டி. அவர் அப்பா இரண்டாம் கையாக வாங்கியது. பதிவெண் பழைய மெட்ராஸ் மாநிலத்து எம் வரிசை. 1989-இல் வந்த டி.என். வரிசைக்கும், அதற்கு முன்னால் வந்த டி வரிசைகளுக்கும் மூத்தது. அந்தப் பலகைக்காகவே வண்டியை விட மனசில்லை என்பார். அப்பா காலமான பிறகு பெயர் மாற்றி, வருடக்கணக்காக விட்டுப்போன ஆர்.சி.யைப் புதுப்பிக்கலாம் என்று இறங்கினார். என்ஜின் எண் ஆர்.சி.யோடு சரியாக இருந்தது. பிரேம் எண் இல்லை. முதல் மூன்று இலக்கமே வேறு. நாலாவது 3-ஆ 8-ஆ என்பது தனி வழக்கு.

ஊர் மெக்கானிக் விஷயத்தைக் கேட்டு, "இதுக்கு ஏன் தம்பி அலையறீங்க? ராவிட்டு புக்குல இருக்கறதையே பஞ்ச் பண்ணிக் குடுத்துடறேன். பெயின்ட் அடிச்சா எவனுக்கும் தெரியாது" என்றாராம். அவர் கெட்டவர் கிடையாது. நாற்பது வருடமாக வண்டிகளைப் பிழைக்க வைத்துக்கொண்டிருக்கிறவர். ஆனால் இதை மட்டும் செய்யவே கூடாது என்று நண்பரிடம் அழுத்திச் சொன்னேன்.

முதல் காரணம் சட்டம். 1988 சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் இருக்கும் விவரத்தோடு ஒத்துப்போகாதபடி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பிரேமில் உளியை வைப்பது, உங்கள் வண்டியே ஆனாலும், உங்களைத் திருடன் நிற்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

இரண்டாவது காரணம் இரும்பு. இரும்பில் எண்ணைச் சுத்தியலால் அடிக்கும்போது மேற்பரப்பில் விழும் பள்ளம் மட்டும் நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்குக் கீழேயும் கொஞ்ச ஆழத்துக்கு உலோகம் நசுங்கி, அதன் உள்கட்டமைப்பே மாறியிருக்கும். மேலே தெரியும் பள்ளத்தை ராவிவிடலாம், கீழே இருக்கும் நசுங்கல் அங்கேயேதான் இருக்கும். தடயவியல் ஆய்வகத்தில் அந்த இடத்தை வழவழப்பாகத் தேய்த்து, தாமிரக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைத் தடவுவார்கள். ஃப்ரை கரைசல் என்று பெயர். நசுங்கிய இடத்தில் அமிலம் வேலை செய்யும் விதம் வேறு, நசுங்காத இடத்தில் வேறு. கொஞ்ச நேரத்தில் அழிந்த எண் ஆவி மாதிரி எழும்பி வரும். இந்தக் கலைக்கு நம் ஊரிலேயே நீண்ட பாரம்பரியம் உண்டு. தமிழ்நாட்டுத் தடயவியல் துறையின் வேர் 1849-இல் மெட்ராஸில் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம். அன்றைக்கு அவர்கள் தேடியது வயிற்றில் இருந்த விஷத்தை!

மூன்றாவது காரணம் கண். பழைய எண்கள் ஒவ்வொரு இலக்கமாகக் கையால் அடித்தவை. ஒன்று கொஞ்சம் சாய்ந்திருக்கும், ஒன்று ஆழமாக இறங்கியிருக்கும். ஒவ்வொரு தொழிற்சாலையின் பஞ்சுக்கும் ஒரு முகவெட்டு உண்டு. 4 திறந்திருக்குமா மூடியிருக்குமா, 7-இன் கால் நேரா வளைவா என்று பார்த்தே ஆள் சொல்லிவிடுவார்கள். கோடு போட்டது போல அழகாக இருக்கிற எண்ணைத்தான் அனுபவசாலிகள் முதலில் சந்தேகப்படுகிறார்கள்.

அப்புறம் என்னதான் செய்வது? காகிதம் தேட வேண்டும். நண்பர் வீட்டுத் தகரப்பெட்டியைக் கொட்டினோம். வரி கட்டிய ரசீதுகள், பெட்ரோல் கணக்கு எழுதிய டயரி, எதற்கென்றே தெரியாத சாவிகள். அவற்றுக்கு நடுவில் 1980-களில் ஒரு விபத்துக்குப் போட்ட இன்ஷூரன்ஸ் கோரிக்கையின் கார்பன் நகல் கிடைத்தது. கழுத்தில் விரிசல் விட்ட பிரேமை எடுத்துவிட்டு, பழைய பிரேம் ஒன்று வாங்கி மாட்டியதாக அதில் இருந்தது. எண்ணும் இருந்தது. நாலாவது இலக்கம் 8.

அந்த நகலைக் கையில் வைத்திருந்தபோது நண்பர் பேசவே இல்லை. அப்பா விழுந்தது அவருக்கு ஞாபகம் இருந்தது, பிரேம் மாற்றியது யாரும் சொல்லித் தெரியாது. அன்றைக்கே இந்த மாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்றியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் ஊரில் அன்றைக்கு எத்தனை பேர் ஏற்றினார்கள்?

ஒரு ஆர்.டி.ஓ. ஆபீஸில் இந்தக் காகிதத்தோடு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். அங்கே இன்னொரு சிக்கல் முளைத்தது. கையால் எழுதிய பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றியபோது அவருடைய பழைய பிரேம் எண்ணின் 1 ஒன்று 7 ஆகிவிட்டிருக்கிறது. வாகன் இணையதளத்தில் எந்தச் சேவைக்கும் சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளைக் கேட்கும். பழைய வண்டிக்கு மொத்த எண்ணே ஐந்தாறு இலக்கம்தான், அதில் ஒன்று தப்பானால் கதவே திறக்காது. ஆக இப்போது ஒரே வண்டிக்கு மூன்று பிரேம் எண்கள். புத்தகத்தில் ஒன்று, கணினியில் ஒன்று, இரும்பில் ஒன்று.

"விண்டேஜ் என்று பதிவு செய்துவிடலாமே" என்று சிலர் யோசனை சொன்னார்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு அதற்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய இருசக்கர, நான்குசக்கர வண்டிகளுக்கு வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனி எண், 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருடச் செல்லுபடி, பிறகு புதுப்பிக்க 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். நல்ல காரியம்தான். ஆனால் வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸிலோ பாடியிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த வண்டிக்கு இது சுலபம். தினமும் ஆபீஸுக்கும் வயலுக்கும் போய், விழுந்து, பிரேம் மாற்றி, போர் அடித்து ஓடிய வண்டிக்கு இது இடிக்கும். எனக்கு இதில் வருத்தம் உண்டு. எரிந்துபோய் மறுபடி கட்டிய திருவாரூர் ஆழித்தேரை வேறு தேர் என்று நாம் யாரும் சொல்வதில்லை.

பிரிட்டன் இதே சிக்கலை எப்படிச் சமாளித்தது என்று பார்ப்பது உபயோகமாக இருக்கும். பழைய கவுன்சில் பதிவேடுகளை ஸ்வான்ஸியில் இருக்கும் ஒரே கணினிப் பதிவுக்கு மாற்றினார்கள். 1983 நவம்பருக்குள் பதியாத பழைய எண்கள் செல்லாமல் போயின. கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான வண்டிகள் ஊர் பெயர் இல்லாமல் நின்றன. சில கவுன்சில்கள் பதிவேடுகளை அழித்தும்விட்டன. பிறகு ஒரு வழி செய்தார்கள். அங்கீகாரம் பெற்ற பழைய வண்டிச் சங்கம், பிரேம் எண்ணைத் தொழிற்சாலைப் பேரேட்டோடு ஒப்பிட்டு, இது இன்ன வருடத்து வண்டி என்று கடிதம் கொடுத்தால் அரசாங்கம் ஏற்றுக்கொள்ளும். ரெட்டிச்சின் பழைய அனுப்புகைப் பேரேடுகளை என்ஃபீல்டு சொந்தக்காரர்களின் சங்கம்தான் பாதுகாக்கிறது. பிஸ்டன் கேட்டவருக்காக எழுதிய கணக்கு அறுபது எழுபது வருடம் கழித்து அரசாங்கத்துக்கே சாட்சி சொல்கிறது.

எந்தச் சாட்சியும் இல்லாத வண்டிக்கு? அதே 1983-இல் க்யூ என்ற எழுத்தை ஒதுக்கினார்கள். வயதோ அடையாளமோ உறுதியாகத் தெரியாத வண்டி என்று அந்தப் பலகையே ஊருக்குச் சொல்லிவிடும். அங்கே அந்த எழுத்தை யாருக்கும் பிடிக்காது, வண்டியின் விலையும் இறங்கிவிடும். எனக்கு அது பிடித்திருக்கிறது. சந்தேகத்தை மறைக்க ஒருவன் பஞ்சைத் தூக்குவதற்குப் பதில், சந்தேகத்தோடேயே வண்டியை ரோட்டில் ஓட்டலாம் என்று அரசாங்கம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நமக்கு அப்படி ஓர் எழுத்து இருந்தால் ராவுகிற அரங்களில் பாதிக்கு வேலை இருக்காது.

நண்பரின் ஃபைல் இப்போது போலீஸ் சரிபார்ப்பில் இருக்கிறது. அந்தப் பழைய பிரேம் எந்தத் திருட்டு வழக்கிலாவது இருக்கிறதா என்று பார்த்து எழுத்தில் கொடுத்தால்தான் அடுத்த மேசைக்கு நகரும். நடுவில் வண்டிக்கு பெயின்ட் அடிக்கக் கொடுக்க நினைத்தார். பவுடர் கோட்டிங் வேண்டாம் என்று சொன்னேன். மணலை அடித்துத் துரு எடுக்கும்போதே ஆழமில்லாத எண் பாதி தேய்ந்துவிடும், மீதியைப் பவுடர் நிரப்பிவிடும். முதலில் சாய்வாக வெளிச்சம் விழும்படி டார்ச் அடித்து நாலைந்து கோணத்தில் படம் எடுக்கச் சொன்னேன். பென்சில் பிரிண்ட் ஆறு எடுத்து, தேதி போட்டு, இன்ஷூரன்ஸ் நகலோடு சேர்த்து வைத்தாயிற்று. கழுத்தில் எண் இருக்கும் இடத்தில் மட்டும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு மற்ற இடத்துக்குக் கறுப்பு அடித்திருக்கிறார்கள். டேப்பை எடுத்த பிறகு அந்த இடத்துக்கு நிறமில்லாத லாக்கர் ஒரு கை. மெக்கானிக் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டாராம், "அழகையே கெடுத்துட்டீங்களே தம்பி" என்று.